செம்புக் கம்பியில் ஆறு சுற்று

நான் ஒரு செய்மதியைச் சாகடித்தவள். ஆகாயத்தில் இருக்கிற செய்மதியைத்தான் சொல்கிறேன். வாழ்நாளில் ஒரு கோழி அறுத்ததில்லை. மீனைக்கூட கடைக்காரனே வெட்டித் தரவேண்டும். அப்படிப்பட்ட நான், போர்க்கப்பல்களோடு கதைத்துக்கொண்டிருந்த ஒன்றை முடித்து வைத்தேன் என்று என் வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். (சிரிக்கட்டும், வயிறு வலிக்காமல் இருந்தால் சரி.) ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு பகுதி விடுபட்டுப்போகிறது. அதை எழுத வேறு யாருக்கும் தெரியாது. என்னுடையது மூன்றாம் வகுப்போடு நின்ற கை, மெதுவாகத்தான் வரும். வாசிக்கிறவர்களும் அவசரப்படாமல் இருங்கள்.

பலெர்மோவில், வியா மக்வேதாவிலிருந்து உள்ளே இறங்குகிற ஒரு சந்தில், ஐந்தாம் மாடியில் சிஞ்ஞோர் கயெத்தானோவின் வீடு. பதினாலு வருடமாகக் காலையில் போய் மத்தியானம் வரை அங்கே வேலை செய்கிறேன். கூட்டுவது, சமைப்பது, பிறஷர்க் குளிசை கொடுப்பது, அவர் சொல்லும் பழைய கதைகளைக் கேட்பது எல்லாம் என் பொறுப்பு. இந்தப் பதினாலு வருடத்தில் ஒரு நாளும் சோறு குழைந்ததில்லை, ஒரு கோப்பை உடைந்ததில்லை. "சிஞ்ஞோரா பாக்கியம் பிழை விடமாட்டா" என்று அவர் எல்லோரிடமும் சொல்லுவார். நானும் அதை நம்பிவிட்டேன். என் கெடுகாலம் அதில்தான் தொடங்கியது.

(அவர் பேசுவது சிசிலிய வாடை அடிக்கிற இத்தாலியம். அதை என் வாய்க்கு வருகிற தமிழில் தருகிறேன்.)

சிஞ்ஞோருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. கண்ணில் நடுப்பார்வை போய், ஓரத்தால் மட்டும் தெரியும். உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் தோளுக்கு அப்பால் இருக்கிற சுவரைப் பார்ப்பார். இளமையில் கடற்படைக் கப்பலில் றேடியோக்காரர். அந்தக் காலத்தில் அவர் காதில் கேட்பான் மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு செய்மதி இன்னும் மேலே இருக்கிறதாம், ஆனால் கிழண்டிப் போய்விட்டதாம், இந்த வருடம் அதை நிறுத்தப்போகிறார்களாம். எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. நிறுத்துவதற்கு முன் ஒருமுறை கேட்கவேண்டும் என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். அவரை நான் அதற்கு முன் எதையும் கேட்கக் கண்டதில்லை. உப்புக் குறைந்தால்கூட கேட்கமாட்டார்.

என் மகள் தேவிக்கு இதைச் சொன்னதும் பயந்துபோனாள்.

"அம்மா, ஆமிக்காரற்றை செய்மதியை ஒட்டுக் கேட்கப் போறீங்களோ? பொலிஸ் வந்தால் இஞ்சை இருக்கிறதுக்கான உங்கடை பெர்மெஸ்ஸோவும் போகும், என்ரையும் போகும்!"

மறுநாள் அவரிடமே கேட்டேன். அவர் சிரித்தார்.

"பேச்செல்லாம் பூட்டுப் போட்டுத்தான் வரும் சிஞ்ஞோரா. ஒருத்தருக்கும் விளங்காது. எனக்குப் பேச்சு வேண்டாம். அந்தச் சத்தம் போதும்."

"என்ன மாதிரிச் சத்தம்?"

"அடுப்பிலை கேத்தல் கொதிக்கிற மாதிரி. நடுவிலை ஒரு குருவி." பிறகு சுவரைப் பார்த்தார் (அதாவது என்னைப் பார்த்தார்). "என்ரை மனிசியின்ரை குரல் கசெற்றிலை இருக்கு. இதின்ரை குரல் என்னட்டை இல்லை."

மனைவிக்குச் சமமாக ஒரு கேத்தல் சத்தத்தை வைக்கிற மனிதரிடம் என்ன சொல்வது? சரி, அன்ரனா செய்வோம் என்றேன். மாமரத்துக்குக் கவட்டை வெட்டுவோம் என்று சொல்வது போலச் சொன்னேன்.

என்ன மாதிரி அன்ரனா என்பதில் ஒரு பெரிய சண்டை நடந்தது. மொண்டெல்லோவில் நீனோ என்று அவருடைய பழைய சிநேகிதர் இருக்கிறார். அதே கப்பலில் இவருக்குக் கீழே வேலை செய்தவர். கடற்கரையில் வெயிலுக்கு விரிக்கிற பழைய குடையொன்றின் கம்பிகளை உருவி, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, கீழே கோழிக்கூட்டு வலை போட்டு அவர் தனக்கொரு அன்ரனா செய்திருந்தார். அதையே இவரும் செய்யவேண்டும் என்றார். இவர் தொலைபேசியில் சொன்ன பதில்: "குடை மழைக்கு. செய்மதிக்கு இல்லை." அதற்கு நீனோ என்ன சொன்னாரோ, சிஞ்ஞோர் தொலைபேசியை வைத்தார். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

அடுத்து மீன்முள் மாதிரி நீட்டாக ஒன்று. அதைப் படமாகக் கீறினார். மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் கூட்டுகிற தும்புத்தடி ஒன்றை நீட்டி அளந்து பார்த்தோம். நாலாம் மாடி கொஞ்செத்தா அங்கேதான் உடுப்புக் காயப்போடுவாள். தடியைக் கண்டதும் இடுப்பில் கை வைத்தாள்.

"என்ரை உள்பாவாடைக்கு மேலாலை துவக்கு மாதிரி ஒண்டும் நீட்டக்கூடாது!"

ஆகவே சுருள்தான் முடிவாயிற்று. பழைய கட்டில் ஸ்பிரிங்கைப் பெரிதாக நினைத்துப்பாருங்கள். என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு மரச்சட்டம், அதைச் சுற்றித் தடித்த செம்புக் கம்பி ஆறு சுற்று, அடியில் ஒரு கம்பி வலை. செய்து முடித்தபின் மூலையில் சாய்த்து வைக்கலாம், கொஞ்செத்தாவின் பாவாடைக்கும் ஆபத்தில்லை. ஆறு சுற்று என்றதும் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். முருகனுக்குரிய எண். இந்த வேலை சரிவரும் என்று அப்போதே நினைத்தேன்.

தை மாதத்தில் வெயில் எறித்த ஒரு காலை. சட்டத்தை நிமிர்த்தி நட்டோம். சிஞ்ஞோர் தொப்பி போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தார். என் கையில் கம்பி. பந்தல் கட்டி, கொடி படரவிட்டு வளர்ந்த கை இது, கம்பி வளைப்பதெல்லாம் எனக்கொரு வேலையா?

"கம்பியைக் கீழை கட்டுங்கோ. பிறகு சுத்திச் சுத்தி மேலை ஏறுங்கோ. சட்டம் எப்பவும் உங்கடை இடக்கைப் பக்கம் இருக்கவேணும்." கையைக் காற்றில் சுழற்றியும் காட்டினார். ஒரு மரையாணியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "இதின்ரை மரை போற பக்கம்" என்றார்.

எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கவில்லை என்று சொன்னால் பொய். விளங்கினபடியால்தான் கம்பியும் கையுமாக நின்றுவிட்டேன்.

நடுவில் இருப்பது இடக்கைப் பக்கம் வரச் சுற்றுவதா? எங்கள் ஊரில் அப்படிச் சுற்றுவது ஓர் இடத்தில்தான். கொள்ளிக்குடம் தூக்குகிற இடத்தில். கோயிலோ, ஆலாத்தியோ, குழந்தைக்கு நாவூறு கழிப்பதோ, எல்லாம் வலம். எண்பது கடந்த, பிறஷர்க்கார மனிதர் கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய வீட்டு உச்சியில் நான் ஆறுதரம் இடம் சுற்றுவதா? அதைவிட அவருடைய வாயில் நானே அரிசி போட்டுவிடலாம்.

சொல்லியிருக்கலாம். "சிஞ்ஞோர், எங்கடை வழக்கத்திலை இது கூடாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் ஒரு வழி சொல்லியிருப்பார். ஆனால் அவரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க எனக்கு வெட்கம். கம்பிக்கு என்ன தெரியப்போகிறது, எந்தப் பக்கம் சுற்றினாலும் செம்பு செம்புதானே என்றும் ஒரு நினைப்பு. கடற்படைக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. சட்டத்தை வலக்கைப் பக்கம் வைத்து, மனதுக்குள் முருகா முருகா என்று, ஆறு சுற்று சுற்றினேன்.

"நான் சொன்னபடிதானே போறீங்கள்?" என்று கதிரையிலிருந்து கேட்டார். அவருக்கு வெயிலில் என் நிழல் அசைவது மட்டும்தான் தெரியும்.

"ஓம் சிஞ்ஞோர். நீங்கள் சொன்னபடிதான்."

பதினாலு வருடத்தில் அவருக்கு நான் சொன்ன முதற்பொய் அது. அவர் எழுந்து தடவிப் பார்க்க வந்தார். நான் குறுக்கே நின்றேன். "தொடாதேங்கோ, நுனி இன்னும் அராவேல்லை. நீங்கள் ரத்தம் இளக்கிற குளிசை எடுக்கிறனீங்கள். கீறினால் நிக்காது." அவர் உடனே கையை இழுத்துக்கொண்டு, "நீங்கள் இல்லாட்டி நான் என்ன செய்வன்" என்றார். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

சுருளை மொன்றியாலே மலைப்பக்கம் சாய்த்து, வயரைக் கீழே வீட்டுக்குள் இழுத்து, றேடியோப் பெட்டியில் மாட்டினோம். பெட்டி உஸ் என்றது. கேத்தலும் இல்லை, குருவியும் இல்லை. வெறும் உஸ்.

மூன்று கிழமை அந்த உஸ்ஸைக் கேட்டார். வயரை மாற்றினார். பெட்டிப் பக்கம் பற்றவைத்த ஈயத்தை விரலால் தடவித் தடவிச் சோதித்தார். ஒவ்வொரு காலையும் நான் கதவைத் திறக்கும்போது கேட்பானை மாட்டிக்கொண்டு, சட்டைப் பொத்தானைப் பிழையாகப் போட்டபடி இருப்பார். "இண்டைக்குக் கொஞ்சம் கிட்ட வந்த மாதிரி இருக்கு" என்பார். நான் கோப்பி வைத்துவிட்டுப் போவேன்.

ஒரு நாள் நான் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தேன். அவர் குசினி வாசலில் நின்று, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்.

"எல்லாம் சரியா இருக்கு. அதுதான் எனக்கு விளங்கேல்லை. அந்தச் செய்மதியின்ரை அலை முறுகி முறுகித்தான் வரும், மரையாணி மாதிரி. அன்ரனாவும் அதே பக்கம் முறுகியிருந்தால் உள்ளை இறங்கும். மற்றப் பக்கம் சுத்தியிருந்தால் செவிடு, ஒண்டும் கேளாது. ஆனால் நாங்கள் சரியாத்தானே சுத்தினம்?"

அன்றைக்குத்தான் அந்த வீட்டில் முதன்முறையாகக் கத்தரிக்காய் கருகியது.

மறுநாள் உடுப்புக் காயப்போடப் போவதாகச் சொல்லிக் குறடும் கையுமாக மேலே ஏறினேன். சத்தம் போடாமல் அவிழ்த்து, சத்தம் போடாமல் மறுபக்கம் சுற்றிவிட்டு இறங்கினால் யாருக்குத் தெரியும்? மேல் முடிச்சை வெட்டினேன். வளைத்த கம்பிக்கு இத்தனை கோபம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. படக்கென்று விரிந்து போய்க் கொஞ்செத்தாவின் படுக்கை விரிப்பைக் கொழுவியது. நான் இந்தப் பக்கம் இழுக்க, விரிப்பு அந்தப் பக்கம் இழுக்க, சர்ர்ரென்று ஒரு சத்தம். கொஞ்செத்தா படியில் ஏறி வந்து பார்த்தபோது, நான் செம்புச் சுருளுக்குள் ஒரு கால், வெளியே ஒரு கால், தலையில் அவளுடைய விரிப்புமாக நின்றேன்.

அவள் சொன்ன வசனங்களை எழுதமுடியாது. (பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்கிய பாதியே போதும்.) கீழேயிருந்து சிஞ்ஞோரின் குரல்: "என்ன நடந்தது சிஞ்ஞோரா பாக்கியம்?"

"காத்து, சிஞ்ஞோர்! பெருங்காத்து!" ஓர் இலைகூட அசையவில்லை.

அவள் திட்டத் திட்ட, கம்பியைப் பிடித்து அவசரமாகத் திரும்பச் சுற்றினேன். ஆறாவது சுற்றை இறுக்கிக் கட்டியபிறகு பார்க்கிறேன், சட்டம் என் வலக்கைப் பக்கம் நிற்கிறது. என் கால் இருக்கிறதே, அது என்னைக் கேட்டு நடப்பதில்லை. அறுபது வருடம் பிள்ளையாரைச் சுற்றிய கால்.

மறுபடி அவிழ்க்க மனம் வரவில்லை. நாளைக்குச் செய்யலாம் என்று இறங்கினேன். கீழே சிஞ்ஞோர் கேட்பானைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார்.

"செத்துப்போச்சு" என்றார். "எங்களுக்கு முந்தியே நிப்பாட்டிப்போட்டாங்கள். நாங்கள் பிந்திப்போனம்."

அலுமாரியிலிருந்து பழைய கடற்படைத் தொப்பியை எடுத்து, தூசி தட்டி, ஒரு நிமிடம் மடியில் வைத்திருந்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தார். கோப்பி கேட்டார். கொடுத்தேன்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? எழுதக் கை கூசுகிறது. ஆறுதல். கடற்படைக்காரரே செத்துப்போயிற்று என்று சொன்னால் செத்துத்தான் போயிருக்கும். அப்படியானால் என் பிழை பிழையே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சாந்தா ரொசாலியா மலைக்கு நடந்து ஏறி, தாயே நன்றி என்று மெழுகுதிரி வேறு கொளுத்தினேன்.

பங்குனி மாதம் ஒரு மத்தியானம் மணி அடித்தது. நீனோ. கையில் ஒரு பை நிறைய சியாகுல்லித் தோட்டத்து மந்தரீன் தோடம்பழம். கோபம் தீர்க்க வந்திருக்கிறார். இரண்டு கிழவர்களும் கட்டிப்பிடித்து முதுகில் தட்டிக்கொண்டார்கள். நான் பழத்தை உரித்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"கடைசி நாள் கேட்டியா கயெத்தா?" என்றார் நீனோ. "போன வியாழன். நான் குடைக்குக் கீழையே இருந்தனான். திடீரெண்டு கேத்தல் நிண்டுபோச்சு. சின்னப்பிள்ளை மாதிரி அழுதிட்டன்."

சிஞ்ஞோர் "போன வியாழனோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஏன், உன்ரை பெரிய சுருளிலை இன்னும் வடிவாக் கேட்டிருக்குமே?"

நீனோவே மேலே ஓடினார். நாங்கள் பின்னால் ஏறினோம். நான் உரித்த மந்தரீன் தோலோடு. நீனோ சுருளை ஒரு தரம் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார்.

"ஆர் இதைச் சுத்தினது? இது மற்றப் பக்கமல்லோ போகுது! கப்பலுக்குப் புதுசா வந்த பெடியள்கூட இந்தப் பிழை விடமாட்டாங்கள்!"

சிஞ்ஞோர் மெதுவாக நடந்து வந்து வலக்கையைக் கம்பியில் வைத்தார். பெருவிரலை மேலே நீட்டி, மற்ற விரல்களைக் கம்பியோடு வளைத்துப் பார்த்தார். விரல் போன பக்கம் கம்பி போகவில்லை. இன்னொரு தரம் பார்த்தார். பிறகு திரும்பி, என் தோளுக்கு அப்பால் இருக்கிற சுவரைப் பார்த்தார்.

"நான்தான்" என்றார் நீனோவிடம். "நான்தான் பிழையாச் சொல்லிக் குடுத்தனான். வயசு போட்டுது."

தனக்குக் கீழே வேலை செய்த மனிதருக்கு முன்னால், குடைக்காரருக்கு முன்னால், அப்படிச் சொன்னார். வாயைத் திறக்கவேண்டிய இடம் அதுதான். நான் திறக்கவில்லை. மந்தரீன் தோலைக் கசக்கிக்கொண்டு நின்றேன். வீட்டில் சிரித்துச் சொல்கிற கதையில் விடுபட்டுப்போவது இந்த இடம்தான். செய்மதி போனதைவிட எனக்கு இதுதான் பெரிது.

நீனோ போனபிறகு குசினியில் வைத்துச் சொன்னேன். வழக்கம், வலம், சுடலை, பிறஷர், கொஞ்செத்தாவின் விரிப்பு, காற்று, எல்லாம். அவர் முழுக்கக் கேட்டார்.

"அப்ப, என்னைச் சாகவிடக்கூடாது எண்டுதான் அந்தப் பக்கம் சுத்தினீங்கள்?"

"ஓம்."

"என்னைக் காப்பாத்தப்போய் அதைச் சாகடிச்சுப்போட்டீங்கள்." சிரித்தார். சிரித்து முடித்தபிறகு, "கேட்டிருந்தால் சட்டத்தைத் தலைகீழாக் கவிட்டு, மேலையிருந்து கீழை சுத்தச் சொல்லியிருப்பன். நீங்கள் வலம்தான் வந்திருப்பீங்கள். கம்பி என்ரை பக்கம் போயிருக்கும்" என்றார்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவ்வளவுதான்.

அடுத்த நாள் பஸ் பிடித்து மொண்டெல்லோவுக்குப் போனேன். யாரிடமும் பணிந்து நிற்காத நான், நீனோவின் வாசலில் நின்று, "பிழை என்ரை. சிஞ்ஞோர் சரியாத்தான் சொன்னவர்" என்றேன். கடைசி நாள் சத்தத்தை அவர் தன் போனில் பிடித்து வைத்திருந்தார். அதை வாங்கி வந்து சிஞ்ஞோருக்குப் போட்டுக் காட்டினேன். கேத்தல் கொதித்தது, நடுவில் குருவி. ஆனால் குருவியைவிடப் பலமாக நீனோ மூக்குச் சிந்துகிற சத்தம். சிஞ்ஞோர் கண்ணை மூடிக் கேட்டார்.

"எதிரியள்கூட எங்கடை அலைவரிசையை இப்பிடிக் குழப்பினதில்லை" என்றார். ஆனாலும் இன்னொரு தரம் போடச் சொன்னார். பிறகும் ஒரு தரம்.

இப்போது என் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றி நான் கற்பூரத் தட்டை எடுத்தால் போதும், தேவி தொடங்கிவிடுவாள். "அம்மா, மேலாலை செய்மதி ஏதும் போகுதோ எண்டு பாத்திட்டுச் சுத்துங்கோ!" பேரப்பிள்ளைகள் இத்தாலியத்தில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சுருள் இன்னும் சிஞ்ஞோர் வீட்டு மொட்டைமாடியில்தான் இருக்கிறது. வீணாக நிற்கிறதே என்று சித்திரையில் அதன் அடியில் ஒரு பெட்டி வைத்துப் பயற்றங்காய் விதை போட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து யாரோ கொண்டுவந்த விதை. கொடி கம்பியைப் பிடித்தது. பிடித்து, கம்பியோடு போகாமல், நேர்மாறாக மற்றப் பக்கம் சுற்றி ஏறியது. நான் அவிழ்த்து வலமாகச் சுற்றிவிட்டேன். அடுத்த நாள் பார்த்தால் கழன்று தன்பாட்டில் போயிருந்தது. நாலு நாள் நானும் கொடியும் மல்லுக்கட்டினோம். ஐந்தாம் நாள் சிஞ்ஞோர் வந்து, பெருவிரலை மேலே நீட்டி, மற்ற விரல்களால் கொடியைத் தடவிப் பார்த்தார்.

"இது என்ரை பக்கம்" என்றார்.

அதன் பிறகு நான் அவிழ்க்கவில்லை. காய் நிறையக் காய்க்கிறது. பறிக்கும்போது கொடி போகிற பக்கமே போய்ப் பறித்தால்தான் ஒன்றும் விடுபடாமல் கைக்கு வருகிறது. அவர் தொப்பி போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருக்க, சட்டத்தை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, நான் சுற்றிச் சுற்றி வருகிறேன். அவருக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை.